நத்தையின் வளர்ச்சியும் நிலத்தில் சேரும் கன உலோகங்களும்

மழைக்காலத்தில் காய்கறிக் கொல்லைகளைப் பாழ்படுத்தும் ஆப்பிரிக்க நத்தையை ரயத்துகள் பலரும் அறிவார்கள். 1847ம் வருஷத்தில் கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்ட இப்பிராணி பிற்பாடு நம் தேசத்தின் பல பாகங்களிலும் பரவியது. சில மாதங்களுக்கு முன் ஒரு நிலச்சுவான்தார் என்னிடம், "பட்டணத்துச் சாக்கடை நீர் பாயும் கொல்லையில் மட்டும் நத்தைகள் பெருப்பதில்லை, அது அந்நீரின் விசேஷம் போலும்" என்று சந்தோஷமாய்ச் சொன்னார். நான் அளித்த பதில் அவ்வளவு சந்தோஷகரமானதாயில்லை.

நத்தை மண்ணின்மேல் வயிற்றால் ஊர்ந்து, இலையோடு மண்ணையும் தின்று ஜீவிப்பது. ஆகையால் மண்ணிலுள்ள உலோகங்கள் தோல் வழியாகவும் ஆகார வழியாகவும் அதன் தேகத்தை அடைகின்றன. இவற்றுள் தாமிரமும் துத்தநாகமும் சிறிய அளவில் அதற்கு அவசியமே. அதன் இரத்தம் நீலநிறமாயிருப்பது தாமிரத்தால்தான். காட்மியத்தாலும் ஈயத்தாலும் அதற்கு யாதொரு பிரயோஜனமும் இல்லை. உட்சென்ற காட்மியத்தை நத்தை ஒருவகைப் புரதத்தோடு பிணைத்துத் தன் ஜீரணச் சுரப்பியில் அடக்கி வைத்துக்கொள்ளும். அளவு மிஞ்சினால் முதலில் இரை எடுப்பது குறையும்; பின் எடை ஏறுவது தடைப்பட்டு, ஓடும் விரியாமல் நின்றுவிடும். பருவமடைவதும் தாமதப்படும்.

இக்குணத்தைக் கொண்டே மேனாட்டார் மண்ணைப் பரீட்சிக்கின்றனர். 2006ம் வருஷத்தில் சர்வதேசத் தர ஸ்தாபனம் இதற்கு ஒரு முறையை வகுத்தது. சுமார் ஒரு கிராம் எடையுள்ள தோட்ட நத்தைக் குஞ்சுகளை 28 நாட்கள் சந்தேகப்பட்ட மண்ணில் வளர்த்து, எடையையும் ஓட்டின் குறுக்களவையும் நல்ல மண்ணில் வளர்ந்தவற்றோடு ஒப்பிடுவதே அம்முறை. இங்கிலாந்தில் ஏவன்மௌத்திலும் பிரான்ஸில் நுவாயெல் கோதோவிலும் இருந்த உலோகம் உருக்கும் ஆலைகள் இரண்டும் 2003ல் மூடப்பட்டன. புகை நின்றதேயன்றி, சுற்றுப்புற மண்ணில் படிந்த ஈயமும் காட்மியமும் போய்விடவில்லை. இலைகளைப்போல் மக்கி அழியக்கூடிய வஸ்துக்கள் அல்ல அவை.

ஆனால் நத்தை சிறுத்திருப்பதொன்றையே ருசுவாகக் கொள்ளலாகாது. சுண்ணாம்புச் சத்துக் குறைந்தாலும், வறட்சியினாலும், உப்பு மிகுந்தாலும் அது சிறுக்கும். அன்றியும், காட்மியம் இரையில் கலந்திருக்கும்போது வளர்ச்சி சீக்கிரம் குன்றுகிறது. மண்ணில் மட்டும் இருந்தால் அதிக அளவு சேரும்வரை குன்றுவதில்லை. கொழுத்த நத்தையிலும் விஷம் அடங்கியிருக்கலாம் என்பதே இதன் தாத்பர்யம். என் அபிப்பிராயத்தில் இதுவே அதிக அபாயகரமானது. அத்தகைய கொல்லை நத்தைகளைப் பொறுக்கி வாத்துகளுக்கும் கோழிகளுக்கும் நசுக்கிப் போடுவோர் உண்டு. அடைபட்டிருந்த காட்மியம் அப்பறவைகளின் ஈரலிலும் சிறுநீரகத்திலும் சேரும். அதே மண்ணில் விளையும் கீரையும் அதை உறிஞ்சும். அதை உண்பவர் நம் குழந்தைகளே.

ஆகவே, சாக்கடைப் பாசனமுள்ள நிலங்களில் கீரைவகைகளை நிறுத்திவிடுதல் நலம். புளிப்பு மண்ணாயின் சுண்ணாம்பு இடுவதால் காட்மியம் பயிருக்குள் ஏறுவது குறையும். சுண்ணாம்புப் பாங்கான கரிசலில் மேலும் இடுவது வீண் செலவு. பட்டணத்துக் குப்பை எருவை வாங்குவோர் பரிசோதனைச் சீட்டைக் கேட்கவேண்டும். இந்திய உர உத்தரவின்படி ஒரு கிலோ எருவில் காட்மியம் 5 மில்லிகிராமும், ஈயம் 100 மில்லிகிராமும், துத்தநாகம் 1000 மில்லிகிராமும் மிஞ்சலாகாது.

நத்தைகளை வெறுங்கையால் தொடவேண்டாம். மூளையைத் தாக்கும் ஒருவகைப் புழு அவற்றில் இருக்கக்கூடும். பரீட்சைக்கென்று அவற்றை வேறு கிராமத்திற்குக் கொண்டுபோவதும் கூடாது. கிராம உத்தியோகஸ்தர்கள் சாக்கடை நீர் பாயும் சர்வே நம்பர்களைக் குறித்துவைத்து, அந்நிலங்களின் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்ப உதவி செய்யலாம். கன உலோகங்களுக்காக என்று சீட்டில் தெளிவாய் எழுதவேண்டும். சாதாரணப் பரிசோதனையில் இவற்றைப் பார்ப்பதில்லை. மண்ணை மரக்கரண்டியால் எடுத்துத் துணிப்பையில் போடவும். துத்தநாகம் பூசிய தகர வாளியில் அள்ளிய மண் எதற்கும் உதவாது.