பெண் பார்த்தார்கள், பெண் பார்த்தாள்

பத்தாம் வகுப்பில் தொகைநிலைத் தொடர்கள் நடத்திக்கொண்டிருந்தேன். ‘மதுரை சென்றார்’ என்பதில் ‘கு’ உருபு மறைந்திருக்கிறது என்று விளக்கிவிட்டு, வீட்டில் பேசும் பேச்சிலிருந்து ஆளுக்கொரு தொடர் சொல்லச் சொன்னேன். ‘தண்ணீர் குடித்தான்’, ‘பஸ் ஏறினாள்’ என்று வந்துகொண்டிருந்தபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி, “பெண் பார்த்தார்கள், டீச்சர்” என்றாள். வகுப்பே சிரித்தது. முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான் அவளுடைய அக்காவைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

பெண்ணைப் பார்த்தார்கள். ‘ஐ’ உருபு மறைந்து வந்திருக்கிறது, சரியான விடை. அதைக் கரும்பலகையில் எழுதி, அதன் கீழே ‘பெண் பார்த்தாள்’ என்று எழுதினேன். இது என்ன தொடர்? கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு ஒரு மாணவன், “எழுவாய்த் தொடர்” என்றான். முதல் தொடரில் பெண் செயப்படுபொருள், இரண்டாவதில் எழுவாய்.

“சரி, உங்க அக்கா மாப்பிள்ளையைப் பார்த்தாளா?” என்று கேட்டேன்.

“தலையைக் குனிஞ்சிருந்துச்சா டீச்சர், அதனால காலைத்தான் பார்த்துச்சாம். நகம் வெட்டாம வந்திருந்தாராம்.”

மறுபடியும் சிரிப்பு. எனக்கு அந்த விடை பாடத்தைவிட்டு வெளியே ஒரு கதவைத் திறந்ததுபோல இருந்தது. அன்றிரவே அடுத்த வாரத்துக்கு இரண்டு பாடவேளைகளைத் திட்டமிட்டேன்.

திரைப்படம் பெண்ணை யாருடைய கண்ணால் காட்டுகிறது என்ற கேள்வியை 1975இல் லாரா மல்வி என்ற ஆங்கிலேய ஆய்வாளர் ஒரு கட்டுரையில் எழுப்பினார். ஆண் பார்ப்பவனாகவும் பெண் பார்க்கப்படுபவளாகவும் இருக்கும் அமைப்பை ‘ஆண் நோக்கு’ என்றார். பின்னால் வந்தவர்கள், பெண் எழுவாயாக நின்று பார்த்தால் என்ன தெரியும் என்று தேடினார்கள். அதுவே ‘பெண் நோக்கு’. மாணவர்களுக்கு இவ்வளவு போதும். ‘ஐ’ உருபு எங்கே மறைந்திருக்கிறது என்று கேட்டாலே அவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள்.

உயர்தொழில்நுட்ப ஆய்வகத் திரையில் முதலில் இரண்டு ஓவியங்களைக் காட்டினேன். ஒன்று, ராஜா ரவிவர்மா 1889இல் வரைந்த ‘இசைக்கலைஞர்களின் கூட்டம்’. பல பகுதிகளைச் சேர்ந்த 11 பெண்கள் பட்டும் நகையுமாகக் கூடியிருக்கிறார்கள். மற்றொன்று, அம்ரிதா ஷெர்கில் 1935இல் வரைந்த ‘மூன்று பெண்கள்’. இங்கேதான் தவறு செய்தேன். “எது அழகாக இருக்கிறது?” என்று கேட்டுவிட்டேன். ஏறக்குறைய எல்லாக் கைகளும் ரவிவர்மாவுக்கு உயர்ந்தன. கேட்கக்கூடாத கேள்வி அது. பெண் பார்க்க வந்தவர்கள் கேட்கும் கேள்வியையே நானும் கேட்டிருக்கிறேன் என்று வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது.

மறுநாள் கேள்வியை மாற்றினேன். இவர்கள் எங்கே பார்க்கிறார்கள்? ஓவியர் வருவதற்குமுன் இவர்கள் என்ன செய்துகொண்டிருந்திருப்பார்கள்? ரவிவர்மாவின் பெண்கள் நாம் பார்ப்பதற்காகவே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு மாணவி சொன்னாள். “ஸ்டுடியோவுல குரூப் போட்டோ எடுக்கிற மாதிரி.” ஷெர்கிலின் மூவரில் ஒருவர்கூட நம்மைப் பார்க்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவும் இல்லை. சிரிப்பு இல்லை, பின்னால் வீடோ மரமோ இல்லை. “கல்யாணப் பேச்சு நடக்குது டீச்சர். உள்ளறையில உக்காந்திருக்காங்க” என்றாள் அந்தக் கடைசி வரிசை மாணவி. அப்படி எந்தக் குறிப்பும் ஓவியத்தில் கிடையாது. ஆனாலும் நான் மறுக்கவில்லை.

ரவிவர்மாவைக் குறைத்துச் சொல்லிவிடக் கூடாது. 1894இல் அவர் தொடங்கிய அச்சகம் இல்லையென்றால் நம் வீட்டுப் பூசையறைச் சுவர்களில் லட்சுமியும் சரசுவதியும் இப்படி வந்திருக்கமாட்டார்கள். துணியின் மடிப்பையும் நகையின் மின்னலையும் அவர்போல் வரைந்தவர்கள் குறைவு. பெண் என்றால் இப்படித்தான் அமர வேண்டும், இப்படித்தான் நிற்க வேண்டும் என்று நம் கண் பழகியதிலும் அந்த அச்சுப் படங்களுக்குப் பங்குண்டு.

அம்ரிதா 1913இல் புடாபெஸ்ட் நகரில் பிறந்தவர். தந்தை பஞ்சாபி, தாய் அங்கேரியர். பாரிசில் ஓவியம் பயின்று 1934இல் இந்தியா திரும்பினார். ‘மூன்று பெண்கள்’ ஓவியத்துக்கு 1937இல் பம்பாய்க் கலைச் சங்கத்தின் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1941இல் லாகூரில் இறந்தபோது வயது 28. இடையில் அவர் தெற்கே பயணம் வந்தார். அஜந்தா குகைகளையும் கொச்சியின் சுவரோவியங்களையும் பார்த்தார். மதுரைக்கும் கன்னியாகுமரிக்கும் வந்தார். அந்தப் பயணத்தின் விளைவாக 1937இல் வரைந்த ஓவியங்களில் ஒன்று ‘சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தார்’. மெலிந்த, கறுத்த உடல்கள். அதைத் திரையில் காட்டியதும் வகுப்பு சற்று நிமிர்ந்து உட்கார்ந்தது.

அப்போதுதான் ஒரு மாணவன் கேட்டான்: “இவங்ககிட்ட கேட்டுட்டா வரைஞ்சாங்க?”

பதில் சொல்ல முடியவில்லை. அம்ரிதா வசதியான வீட்டுப் பெண். சந்தைக்குப் போகிறவர்களின் பெயர் ஓவியத்தின் தலைப்பில் இல்லை. பார்ப்பவர் பெண் என்பதாலேயே பார்வை நியாயமாகிவிடுமா? வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடியது. நான் மணி அடிக்கும்வரை குறுக்கிடவில்லை.

இரண்டாம் பாடவேளையில் ஒளிப்படம். அம்ரிதா பிறந்த அதே 1913இல் குஜராத்தின் நவ்சாரியில் பிறந்தவர் ஹோமாய் வியாரவாலா, இந்தியாவின் முதல் பெண் பத்திரிகை ஒளிப்படக்காரர். பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளியில் படித்தபோது உடன்படித்த பெண்களைப் படமெடுத்தார். முதலில் அச்சேறிய படங்கள் ஒரு பெண்கள் சங்கத்தின் சுற்றுலாப் படங்கள். படம் ஒன்றுக்கு 1 ரூபாய் கிடைத்தது. தொடக்க காலத்தில் அவருடைய படங்கள் கணவர் பெயரில் வெளிவந்தன. இதைச் சொன்னதும் மாணவிகள் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். பிறகு தில்லியில் சேலை கட்டிக்கொண்டு, கருவிகளைச் சுமந்து, சைக்கிளில் போய்ப் படமெடுத்தவர். விடுதலைக் காலத்தின் முக்கிய நிகழ்வுகளும் நேருவும் அவர் படங்களில் இருக்கிறார்கள். 2011இல் பத்மவிபூஷண் விருது பெற்றார்.

அவர் பயன்படுத்திய ரோலிஃபிளெக்ஸ் கேமராவைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். அதை இடுப்பருகே பிடித்து, குனிந்து மேலிருந்து பார்த்துத்தான் படமெடுப்பார்கள். ஆகவே படத்தின் கண் ஓர் ஆளின் இடுப்பு உயரத்தில் இருக்கும். பார்வைக்கு உயரம் உண்டு என்பதை மாணவர்கள் இதிலிருந்து எளிதாகப் புரிந்துகொண்டார்கள். ஒரு சோப்புத் தூள் விளம்பரத்தைக் காட்டி, கேமரா எங்கே நிற்கிறது, அம்மாவின் எந்தப் பகுதி முதலில் தெரிகிறது என்று எழுதச் சொன்னேன். கை, துணி, சிரிப்பு என்ற வரிசையில் எழுதினார்கள். பிறகு அவர்களாகவே சினிமாப் பாட்டுகளுக்குப் போய்விட்டார்கள். கதாநாயகி வரும்போது இடுப்பும் காலும் முதலில் வருகின்றன, கதாநாயகன் வரும்போது முகமோ செருப்போ முதலில் வருகிறது என்று கண்டுபிடித்தவர்கள் பையன்கள்தான்.

வீட்டுப்பாடம்: வீட்டில் வேலை செய்யும் ஒருவரை, அவர் கண் உயரத்தில் உட்கார்ந்து, ஒரே ஒரு படம் எடுத்து வர வேண்டும். செல்போன் இல்லாதவர்கள் அட்டையில் சதுரம் வெட்டி அதன் வழியாகப் பார்த்து வரையலாம், அல்லது எழுதலாம். அந்த மாணவனின் கேள்வியால் ஒரு விதியும் சேர்ந்தது: கேட்டுவிட்டு எடுக்க வேண்டும், எடுத்ததைக் காட்டி மறுபடி கேட்க வேண்டும், வேண்டாம் என்றால் அழித்துவிட வேண்டும். நான் யாருடைய படத்தையும் என் செல்போனில் வாங்கவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லவும் இல்லை. இந்தப் பாடத்தை நடத்த விரும்பும் ஆசிரியர்கள் இதில் கண்டிப்பாக இருங்கள். நம் மாணவிகள் படம் என்றாலே பயப்படுவதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

வந்தவற்றில் பாதி சினிமா மாதிரியே இருந்தன. மாணவிகள் சிலரும் அம்மாவை அலங்கரித்து நிற்கவைத்தே எடுத்திருந்தார்கள். பரவாயில்லை. ஒரு பையன் தன் பாட்டி பீடி சுற்றும்போது தரையில் படுத்து எடுத்திருந்தான். தட்டும் இலையும் பெரிதாக, விரல்கள் நடுவில், பாட்டியின் முகம் கண்ணாடியோடு மேலே. “பாட்டி என்ன சொல்லுச்சு?” என்றேன். “இத்தனை நாளா இங்கதானே உக்காந்திருக்கேன், இன்னைக்குத்தான் தெரியுதாடான்னு கேட்டுச்சு.”

கடைசி வரிசை மாணவி படம் கொண்டுவரவில்லை. அக்கா வாசற்படியில் உட்கார்ந்து புளி கொட்டை எடுக்கும்போது, கேட்டுவிட்டுத்தான் எடுத்தாளாம். காட்டியதும் அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “நல்லா இருக்குடி. ஆனா பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகாத, இது எனக்கு” என்று சொல்லிவிட்டாளாம். அந்தப் படத்தில் என்ன இருந்தது என்பதை நோட்டில் அரைப் பக்கம் எழுதியிருந்தாள். வாசலில் வெயில் எந்தப் பக்கம் விழுந்தது என்பதுவரை இருந்தது. அக்காவின் முகம் எப்படி இருந்தது என்று மட்டும் எழுதவில்லை. முழு மதிப்பெண் போட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.