மாமல்லபுரம் போனா ராத்திரி தங்கிட்டு வா, தங்கச்சி

வெள்ளைச் சுவர், நீலக் கதவு, வாசலைத் தாண்டினா கடல். கிரேக்கத் தீவு வீடியோவைப் பார்த்துப் பார்த்து ஏங்குறவங்க நம்ம அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் எத்தனையோ பேர். அந்த ஆசையில தப்பே இல்ல. ஆனா ஷெங்கன் விசாவுக்கே பெரியவங்க ஒருத்தருக்கு 90 யூரோ கட்டணும், விமான டிக்கெட் தனி. அதுக்குக் காசு சேர்ற வரைக்கும் கடலோரத்துல ஓய்வா ரெண்டு நாள் இருக்கவே கூடாதா? வலை காயுற மணல், காலையில கரைக்கு வந்த மீனை மதியம் வறுத்துத் தர்ற சின்னச் சின்ன ஓட்டல், நடந்து போற தூரத்துல ஆயிரத்து முந்நூறு வருஷத்துக் கோயில், எல்லாம் சேர்ந்த மீனவர் ஊர் ஒண்ணு பூந்தமல்லியிலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீட்டர்ல இருக்கு. மாமல்லபுரம்தான்.

"அங்க எத்தனை தடவை போயாச்சு!"ன்னு சொல்லுவே. காலையில வேன் ஏறி, பதினோரு மணி வெயில்ல ஐந்து ரதத்தைச் சுத்தி, மரத்தடியில புளிசாதம் சாப்பிட்டு, பிள்ளைங்க கடல்ல கால் நனைச்சதும் கிளம்பியிருப்பே. அந்த ஊர் அழகா இருக்குற நேரம் காலை எட்டு மணிக்கு முன்னாடியும், சுற்றுலா பஸ்ஸெல்லாம் கிளம்பினதுக்கு அப்புறமும்தான். அந்த ரெண்டு நேரமும் நாம ரோட்டுல இருக்கோம். அதனால ரெண்டு ராத்திரி தங்கு. மத்ததெல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

சனி, ஞாயிறு வேண்டாம். ஞாயிறு மதியம் மூணு மணிக்குக் கிளம்பி, செவ்வாய் திரும்பு. ஊரே சென்னைக்குத் திரும்பும்போது நீ எதிர்ப்பக்கமா போயிட்டிருப்பே. ரூம் வாடகையும் வார இறுதியை விடக் குறையும், பேரம் பேசவும் இடம் இருக்கும். கிரேக்கத்துலயே விவரம் தெரிஞ்சவங்க ஜூலை, ஆகஸ்ட் கூட்டத்தை விட்டுட்டு மே மாசமோ செப்டம்பரோதான் போவாங்க. நமக்கு அந்த மாதிரி நல்ல காலம் ஜனவரி பாதியிலிருந்து மார்ச் வரைக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, கடல் கொந்தளிப்பா இருக்கும். மே மாசம்தான் பள்ளிக்கூட லீவுன்னா அப்பவும் போகலாம். ஆனா பகல் பதினொண்ணு முதல் நாலு வரை ரூமை விட்டு வெளிய வராதே.

மாசி மகப் பௌர்ணமி அன்னிக்கு இருளர் மக்கள் பல ஊர்லேருந்து வந்து அந்தக் கடற்கரையில தங்கி, விடியற்காலையில கன்னியம்மனைக் கும்பிடுவாங்க. கல்யாணமும் அங்கயே நடக்கும். அது அவங்க வழிபாடு. அன்னிக்குப் போனா கேமராவைப் பையில வெச்சுட்டு, ஒதுங்கி நின்னு பாரு.

ரூம் விஷயத்துல கொஞ்சம் கறாரா இருக்கணும். ஒத்தவாடைத் தெருவுலயும் அதை ஒட்டின சந்துகள்லயும் லாட்ஜும் விடுதியும் வரிசையா இருக்கு. அங்கேருந்து கடல் ரெண்டு நிமிஷ நடை. கடல் தெரியுற ரூம்னு வாடகை அதிகம் கேட்டா, பால்கனியில எட்டிப் பார்த்தாத்தான் தெரியுமான்னு கேளு. முடிஞ்சா ரூமைப் பார்த்துட்டுப் பணம் கொடு. அத்தையை அழைச்சுட்டுப் போறியா? தரைத்தளத்துல ரூம், வெஸ்டர்ன் டாய்லெட், வெந்நீர் மூணும் இருக்கான்னு போன்லயே கேட்டுடு. பெரியவங்க எல்லாருக்கும் ஆதார் கேப்பாங்க. மீனவர் குப்பத்துக்குப் பக்கத்துல தங்கினா விடியறதுக்கு முன்னாடியே படகுச் சத்தம் கேக்கும். அதைத் தொந்தரவுன்னு நினைக்காதே, எழுந்து கரைக்குப் போ. வலையை உதறி மீனைப் பிரிக்கிறதைப் பிள்ளைங்க பார்க்கணும்.

சாப்பாட்டுல ஒண்ணை மட்டும் மறக்காதே. தட்டுல மீனை எடுத்துட்டு வந்து காட்டுவாங்க. எடை எவ்வளவு, விலை எவ்வளவு, வறுக்கிறதுக்குத் தனிக் காசு உண்டா, மூணையும் மீன் அடுப்புக்குப் போறதுக்கு முன்னாடி பேசி முடி. சங்கராவோ கடம்பாவோ வஞ்சிரத்தை விட மலிவாக் கிடைக்கும், ருசியும் குறையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுதான் போகக் கூடாது, சின்ன ஃபைபர் படகு போகும். அதனால அப்பவும் அங்க புது மீன் கிடைக்கும், விலை மட்டும் கூடும்.

கடல்ல இறங்குறதைப் பத்தித்தான் எனக்கு ரொம்பக் கவலை. அங்க இழுவை அதிகம், கோயிலை ஒட்டிப் பாறையும் உண்டு. சுத்தி எல்லா இடத்துலயும் அலை உடைஞ்சு நுரைக்கும்போது நடுவுல ஒரு பட்டை மட்டும் அமைதியா, கலங்கலாத் தெரியும். அமைதியா இருக்கேன்னு பிள்ளைங்க அங்கதான் இறங்கும். தண்ணி கடலுக்குள்ள திரும்பி ஓடுற வழியே அதுதான். முழங்காலுக்கு மேல யாரும் போக வேண்டாம், நீச்சல் தெரிஞ்சவங்களும்தான். தப்பித்தவறி இழுத்துட்டா கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தாம, கரைக்கு இணையாப் பக்கவாட்டுல நகரணும், கையைத் தூக்கிக் காட்டணும். இறங்குறதுக்கு முன்னாடி வலை சரிபண்ற அண்ணன் ஒருத்தர்கிட்ட, "இன்னிக்கு இங்க இறங்கலாமா அண்ணா?"ன்னு கேளு. வேண்டாம்னா வேண்டாம்தான்.

புடவையும் துப்பட்டாவும் நனைஞ்சா காலைச் சுத்திக்கும். லெக்கிங்ஸ், சீக்கிரம் காயுற குர்தி, அதுவும் அடர் நிறம். தாலிச் சங்கிலி, கொலுசு, கம்மலைக் கழட்டி வீட்டுலயே வெச்சுட்டு, மஞ்சள் கயித்தோட போ. அலையில போனா மணல்ல தேடி எடுக்க முடியாது.

கடற்கரைக் கோயிலுக்குத் திங்கள் காலை ஆறு மணிக்குத் திறந்ததும் போயிடு. இந்தியர்களுக்கு டிக்கெட் 40 ரூபாய், 15 வயசுக்கு உட்பட்ட பிள்ளைங்களுக்கு இலவசம். அதே டிக்கெட்டுல அன்னிக்கே ஐந்து ரதமும் பார்க்கலாம், பத்திரமா வை. ரதங்கள் பாறையையே குடைஞ்சது, பல்லவ ராஜா ராஜசிம்மன் கட்டின கடற்கரைக் கோயில் கல்லை அடுக்கிக் கட்டினது. இந்த ஒண்ணைச் சொல்லிட்டுப் பார்க்கவிடு, பிள்ளைங்க தானா வித்தியாசம் கண்டுபிடிக்கும். அர்ச்சுனன் தபசு பாறைச் சிற்பத்துல நின்னு தவம் பண்ற பூனையையும் அதைச் சுத்தி இருக்குற எலிகளையும் தேடச் சொல்லு. அரை மணி நேரம் உன்னைத் தொந்தரவு பண்ணாதுங்க. திங்கள் முழுக்க வேற எதுவும் வெச்சுக்காதே. மதியம் தூங்கு.

கார் இல்லாதவங்க தாம்பரம் வந்து 515 பஸ் ஏறலாம். ஆவடி, அம்பத்தூர்க்காரங்க மின்சார ரயில்ல சென்ட்ரல் இறங்கி, எதிர்ல பார்க் ஸ்டேஷன்ல செங்கல்பட்டு வண்டி பிடிச்சா, செங்கல்பட்டுலேருந்து பஸ் இருக்கு. கார்ல போனா நசரத்பேட்டையில வெளிவட்டச் சாலை ஏறி வண்டலூர், கேளம்பாக்கம், திருப்போரூர் வழி. திரும்பும்போது ஈ.சி.ஆர்.ல வந்து வடநெம்மேலி முதலைப் பண்ணையைப் பார்த்துடலாம். திங்கள்தான் அதுக்கு லீவு, செவ்வாய் திறந்திருக்கும். முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் லீவு, அதை இன்னொரு தடவைக்கு வெச்சுக்கோ. பண்ணையை மதியத்துக்குள்ள முடிச்சுட்டு, கேளம்பாக்கம் வழியாவே திரும்பி, ஆபீஸ் விடுற நேரத்துக்கு முன்னாடி வண்டலூரைத் தாண்டிடு.