உயிர்வேதியியல் கலைச்சொற்களில் பொதுவும் சிறப்பும்: நன்னூல்வழி ஒரு நோக்கு

திறவுச்சொற்கள்: கலைச்சொல்லாக்கம், உயிர்வேதியியல், பொதுப்பெயர், சிறப்புப்பெயர், காரண இடுகுறி.

முன்னுரை

உயிர்ப்பொருள்களின் வேதியியலைத் தமிழில் கற்கத் தொடங்கும் மாணவர், சேர்மங்களுக்கு முன்னர் அவற்றின் பெயர்களையே எதிர்கொள்கிறார். அறிவியற் பெயர்கள் குறித்த விவாதம் தமிழில் நீண்ட வரலாறுடையது. யாழ்ப்பாணத்தில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷனரி சாமுவேல் ஃபிஸ்க் கிறீனின் முயற்சியால் 1875இல் வெளிவந்த வேதியியல் நூல் ‘கெமிஸ்தம்’ என்றே பெயர் பெற்றது. 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தை நிறுவினர். 1936இல் சொல்லாக்க மாநாடு விபுலானந்தர் தலைமையில் கூடியது. இவ்விவாதங்கள் பெரிதும் சொல்லின் பிறப்பைப் பற்றியன: தமிழா, வடசொல்லா, ஆங்கிலமா என்பதே வினா. ஒரு சொல் தான் சுட்டும் பொருளின் எல்லையைச் சரியாகக் காட்டுகிறதா என்னும் வினா அந்த அளவிற்கு எழுப்பப்படவில்லை. அதனை எழுப்புவதற்கு வேண்டிய கருவி நன்னூலிலேயே உள்ளது. பெயர்களை இடுகுறி, காரணம் எனவும், அவற்றைப் பொது, சிறப்பு எனவும் பவணந்தியார் பகுத்துள்ளார். அப்பகுப்பைக் கொண்டு தொடக்கநிலைப் பாடச்சொற்கள் சிலவற்றை இக்கட்டுரை நோக்குகிறது.

மாவும் நூலும்

கார்போஹைட்ரேட் என்பதற்கு மாவுச்சத்து என்னும் சொல் தமிழகத்தில் பரவலாக வழங்குகிறது. எளிய சொல், சோறும் கிழங்கும் உடனே நினைவுக்கு வரும். இடர்ப்பாடும் அங்கேயே தொடங்குகிறது. அரிசியில் உள்ள ஸ்டார்ச்சு குளுக்கோஸ் அலகுகளின் தொடர். பருத்தி நூலில் உள்ள செல்லுலோசும் குளுக்கோஸ் அலகுகளின் தொடரே. அலகுகள் ஒன்றோடொன்று பிணையும் முறையில் மட்டுமே வேறுபாடு: முன்னதில் ஆல்பாப் பிணைப்பு, பின்னதில் பீட்டாப் பிணைப்பு. இச்சிறு வேறுபாட்டால் ஒன்று நமக்கு உணவாகிறது. மற்றொன்றைச் செரிக்கும் நொதி நம் உடலில் இல்லை. அயோடின் கரைசல் பட்டால் சோறு கருநீலமாகும், நூல் ஆகாது. தொடக்கநிலை உயிரியலில் இதனினும் சிறந்த பாடம் அரிது. ஆயின் மாவுச்சத்து என்று மட்டும் கற்ற மாணவர், நூலையும் மரக்கட்டையையும் கரும்புச் சர்க்கரையையும் அப்பெயருக்குள் வைக்கத் தயங்குவார். அத்தயக்கம் மொழியறிவின் விளைவேயன்றி அறியாமை ஆகாது. ஸ்டார்ச்சு என்னும் ஒன்றற்கு உரிய சிறப்புப்பெயரை, தொகுதி முழுமைக்கும் பொதுப்பெயராக நாம் ஏற்றியுள்ளோம். பனை என்னும் சொல்லால் மரங்கள் அனைத்தையும் சுட்டுவது போன்றது இது. இலங்கைப் பாடநூல் மரபு தொகுதியைக் காபோவைதரேற்று என்றும் ஸ்டார்ச்சை மாப்பொருள் என்றும் பிரிக்கிறது. முன்னது செவிக்கு இனிதன்று. எனினும் பொருளெல்லை சிதையவில்லை.

கொழுப்பு என்னும் சொல்லின் நிலையும் இத்தகையதே. மூன்று கொழுப்பு அமிலங்கள் கிளிசராலோடு இணைந்த சேமிப்புப் பொருளும், செல்சவ்வை அமைக்கும் பாஸ்போலிப்பிடும், பேச்சுவழக்கில் இரத்தப் பரிசோதனைச் சீட்டின் கொலஸ்டிராலும் ஒரே பெயரால் வழங்குகின்றன.

காரணம் தேய்ந்த பெயர்கள்

அமிலம் புளிப்பைக் காரணமாகக் கொண்ட பெயர். எலுமிச்சைக்கும் இரைப்பை நீருக்கும் அது பொருந்தும். அமினோ அமிலத்தில் அக்காரணம் தேய்ந்துவிடுகிறது. 1820இல் ஹென்றி பிராக்கோனோ ஜெலட்டினிலிருந்து பிரித்தெடுத்த கிளைசின், புரதங்களை ஆக்கும் இருபது அமினோ அமிலங்களுள் மிக எளியது. அதன் சுவை இனிப்பு! இனிக்கும் ஒன்றை அமிலம் என்பது ஏன் என்று மாணவர் வினவினால், ஹைட்ரஜன் அயனியை வழங்கும் இயல்பையே ஆசிரியர் விடையாகக் கூற வேண்டும். காரணம் இருந்தும் அது பொருந்தும் எல்லாவற்றிற்கும் செல்லாமல் சிலவற்றிற்கே வழங்கும் பெயரை உரையாசிரியர்கள் காரண இடுகுறி என்பர். அமிலம் இதற்கு மறுதலையானது: காரணம் இல்லாதவற்றிற்கும் பரந்து சென்றுள்ளது. இவ்வகைக்கு இலக்கணத்தில் தனிப்பெயர் வேண்டும் என்றே தோன்றுகிறது. இது தமிழுக்கு மட்டும் உரிய சிக்கலன்று. ஆக்சிஜன் என்பதற்கு அமிலத்தைப் பிறப்பிப்பது என்று பொருள். லவாய்சியரின் அக்கருத்து பிழை எனப் பின்னர்த் தெளிந்தும் பெயர் நிலைத்துவிட்டது.

நொதி சரியான காரண இடுகுறி. புளித்துப் பொங்கும் நொதித்தலிலிருந்து பிறந்த இச்சொல், நொதித்தலுக்குத் துணைசெய்யும் பிறவற்றை விடுத்து வினையூக்கியை மட்டும் சுட்டி நிற்கிறது. 1870களின் இறுதியில் வில்ஹெல்ம் கூனே ஆக்கிய என்சைம் என்னும் சொல்லும் ‘நொதியில் உள்ளது’ என்னும் கிரேக்கப் பொருளிலிருந்தே வந்தது. உயிருள்ள ஈஸ்டு இன்றியும் அதன் சாற்றால் நொதித்தல் நிகழும் என எடுவர்டு பூக்னர் 1897இல் காட்டிய வரலாற்றைத் தமிழ்ச்சொல்லைக் கொண்டே கற்பிக்கலாம்.

அணுவும் உயிரணுவும்

பொருளெல்லை மிகவும் குழம்புவது அணு என்னும் சொல்லிலாகும். ஒரு மனித உயிரணுவில் கோடி கோடி என்னும் அளவில் அணுக்கள் உண்டு. இரு அளவுகளுக்கும் சொல்லின் ஈறு ஒன்றே. ‘சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் நான்கு இரும்பணுக்கள் உள்ளன’ என்று எழுதிப் பார்த்தால் இடர்ப்பாடு புலனாகும்: ஒரே தொடரில் அணு இருமுறை வந்து, முதலில் செல்லையும் பின்னர் தனிமத்தின் நுண்கூற்றையும் சுட்டுகிறது. உயிர், சிவப்பு என்னும் அடைகள் வேற்றுமையைக் காட்டும் என்பது கற்றறிந்தவர்க்குப் பொருந்தும். முதன்முறை படிப்பவர் இரும்பணுவையும் ஒருவகைச் செல் என்றே கொள்வார். இலங்கை வழக்கின் செங்குழியம் என்னும் சொல்லை இத்தொடரில் இட்டால் இம்மயக்கம் எழுவதில்லை.