'எக்ஸ்பெரிமென்ட்': ஓர் ஆங்கிலச் சொல்லின் பொருளும் தமிழில் அதன் நிலையும்

ஆய்வுச் சுருக்கம்

'எக்ஸ்பெரிமென்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் 'சோதனை', 'பரிசோதனை' என்பன நிகரன்களாக வழங்குகின்றன. இவ்விரண்டுமே 'டெஸ்ட்', 'டிரையல்', 'எக்ஸாமினேஷன்' முதலியவற்றுக்கும் பொதுவாக நிற்கின்றன. இதனால் எழும் பொருள் மயக்கத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. அம்மயக்கம் நீங்கப் புதுச்சொல் படைக்க வேண்டியதில்லை, தமிழின் துணைவினை அமைப்பே போதிய வழி தருகிறது என்பது இதன் துணிபு.

திறவுச் சொற்கள்: சோதனை, பரிசோதனை, முயற்சி, துணைவினை, சொற்பொருள், மருந்தாய்வு.

சொல்லின் வரலாறு

'எக்ஸ்பெரிமென்ட்' என்பதன் மூலம் 'முயன்று பார்த்தல்' எனப் பொருள்படும் 'எக்ஸ்பெரீரி' என்னும் இலத்தீன் வினையாகும். பட்டறிவைக் குறிக்கும் 'எக்ஸ்பீரியன்ஸ்', வல்லுநரைக் குறிக்கும் 'எக்ஸ்பர்ட்' ஆகியனவும் அவ்வினையிலிருந்து கிளைத்தவையே. இடரைக் குறிக்கும் 'பெரில்' என்பதும் இவ்வேரோடு உறவுடையது. முயல்வோன் இடருக்கு உட்படுகிறான் என்னும் கருத்து வேரிலேயே அமைந்துள்ளமை நோக்கத்தக்கது.

இடைக்கால ஆங்கிலத்தில் 'எக்ஸ்பெரிமென்ட்', 'எக்ஸ்பீரியன்ஸ்' ஆகிய இரண்டும் ஏறத்தாழ ஒருபொருட்கிளவிகளாக வழங்கின. பிரெஞ்சு மொழியில் இன்றும் ஒரே சொல் இரு பொருளையும் தருகிறது. ஆங்கிலத்தில் இவை பிரிந்து நிலைபெற்றதற்குப் பதினேழாம் நூற்றாண்டின் அறிவியல் பெரிதும் காரணமாகும். 1620இல் பிரான்சிஸ் பேக்கன் வெளியிட்ட 'நோவம் ஆர்கனம்', தற்செயலாக நேரும் பட்டறிவையும் வேண்டுமென்றே தேடிச் செய்யும் சோதனையையும் வேறுபடுத்திக் காட்டியது. 1662இல் இலண்டன் ராயல் சொசைட்டி இராபர்ட் ஹூக் என்பவரைச் சோதனைகளுக்கெனவே தனிப் பொறுப்பாளராக அமர்த்தியது. 'எக்ஸ்பெரிமென்ட்' என்றால் விளைவு முன்னறியப்படாத நிலையில், திட்டமிட்டு ஒன்றைச் செய்து பார்ப்பது என்னும் பொருள் இவ்வாறு உறுதிப்பட்டது.

'சோதனை'யின் பொருட்பரப்பு

தமிழில் வழங்கும் 'சோதனை' வேறு வழியாக வந்தது. 'தூய்மைப்படுத்தல்' எனப் பொருள்படும் 'சோதன' என்னும் வடசொல் அதன் மூலம். பொன்னை நெருப்பிலிட்டு மாசறியும் செயலை இதற்கு உவமையாகக் கொள்ளலாம். பொன்னின் மாற்று முன்னரே அதனுள் இருப்பது. சோதனை அதனை வெளிப்படுத்துகிறது. இங்குத் தீர்ப்புக்கு உட்படுவது பொருளே அன்றிச் சோதிப்பவரின் கருதுகோள் அன்று. இறைவன் அடியாரைச் சோதிப்பதாகப் பெரிய புராணம் கூறும் நிகழ்ச்சிகளிலும், கிறித்தவ வழக்கில் தீவினைத் தூண்டுதலைக் குறிக்க இச்சொல் ஆளப்படுவதிலும் இப்பொருளே விரிவடைந்துள்ளது. 'சோதனைச் சாவடி', 'வருமான வரிச் சோதனை' என்பனவற்றில் துருவித் தேடுதல் என்னும் பொருள் மேலோங்குகிறது.

திருக்குறளின் 'தெரிந்து தெளிதல்' அதிகாரம் பேசுவதும் இவ்வகைச் சோதனையையே. முதற்குறள் சுட்டும் நால்வகைத் தேர்வைப் பரிமேலழகர் 'உபதை' என விளக்குவார். ஆங்கில 'டிரை' என்னும் வினையின் பழைய பிரெஞ்சு மூலத்திற்கும் 'பிரித்தெடுத்தல், தெரிந்தெடுத்தல்' என்பதே பொருள். ஆக, 'டிரை', 'தெரிதல்' ஆகிய இரண்டும் ஒரே கருத்திலிருந்து தொடங்குகின்றன; 'எக்ஸ்பெரிமென்ட்' அவற்றினின்று விலகி நிற்கிறது.

ஒரு தலைப்பின் மொழிபெயர்ப்பு

இவ்விலகலின் விளைவைக் காந்தியடிகளின் தன்வரலாற்றுத் தலைப்பில் தெளிவாகக் காணலாம். 1925 முதல் 1929 வரை 'நவஜீவன்' இதழில் குஜராத்தியில் தொடராக வெளிவந்த அந்நூலின் தலைப்பில் 'சத்யனா பிரயோகோ' என்னும் தொடர் உள்ளது. 'பிரயோகோ' பன்மை; 'னா' ஆறாம் வேற்றுமை உருபு. ஆங்கிலத்தில் மகாதேவ் தேசாய் 'எக்ஸ்பெரிமென்ட்ஸ்' எனப் பன்மையிலேயே பெயர்த்தார். தமிழில் அது 'சத்திய சோதனை' ஆயிற்று. பன்மை மறைந்தது, உருபும் தொக்கது. சத்தியத்தைச் சோதித்தலா, சத்தியத்தைக் கொண்டு சோதித்தலா, சத்தியத்திற்கு நேர்ந்த சோதனையா என்பதைத் தொகை சொல்லாமல் விடுகிறது.

நூல் முன்னுரையில் காந்தியடிகள் தம்மை ஓர் அறிவியலாளரோடு ஒப்பிட்டு, தம் முடிவுகள் இறுதியானவை அல்ல என்கிறார். அவர் கருதியது செய்து பார்த்தல். ஆயின் தமிழ்ப் பேச்சு வழக்கில் 'சத்திய சோதனை' என்பது பொறுமையை வருத்தும் இக்கட்டைக் குறிக்கும் சலிப்புரையாகிவிட்டது. இதற்கு மொழிபெயர்ப்பாளரைக் குறை கூறுதல் பொருந்தாது. தமிழில் 'பிரயோகம்' என்பது ஆயுதத்தைச் செலுத்துதலையும் ஆளுகையையும் குறிப்பதாக ஏற்கெனவே குறுகிவிட்டிருந்தது.

இலக்கியத் திறனாய்வாளர் இக்குறையை உணர்ந்தனர் போலும். 'சோதனை முயற்சி' என ஒரு சொல்லைக் கூட்டியே அவர்கள் புதுவகைப் படைப்பைக் குறித்தனர். 'முயற்சி' சேர்ந்த பின்னரே இழந்த பொருள் மீள்கிறது.

'பார்' என்னும் துணைவினை

ஆங்கிலத்தில் 'டிரை' என்னும் வினை, தன்பின் வரும் வினைவடிவத்திற்கு ஏற்ப இருபொருள் தரும். 'டு' சேர்ந்த எச்சம் வந்தால் செயல் கைகூடியதா என்பது ஐயம். 'இங்' ஈற்று வடிவம் வந்தால் செயல் நிகழ்ந்தது, அதன் பயனே ஐயம். (பேச்சு ஆங்கிலத்தில் இவ்வரையறை சில நேரம் நெகிழும்.) தமிழில் 'பார்' இதே வேறுபாட்டை எச்ச வகையால் காட்டுகிறது:

கதவைத் திறக்கப் பார்த்தான், முடியவில்லை.
கதவைத் திறந்து பார்த்தான், காற்று வரவில்லை.

முதல் தொடரில் செயவென் எச்சம், கதவு திறக்கவில்லை. இரண்டாவதில் செய்தென் எச்சம். கதவு திறந்தது, எதிர்பார்த்த பயன் விளையவில்லை. 'திறந்து பார்த்தான்' என்பதைக் கண்ணால் நோக்கினான் எனவும் கொள்ள இயலும் என்பது உண்மையே. ஆயினும் 'சுவைத்துப் பார்', 'கேட்டுப் பார்', 'முகர்ந்து பார்' போன்றவற்றில் காட்சிப் பொருள் அறவே இல்லை. விளைவறியாது ஒன்றைச் செய்து அதன் பயனை அறிதல் என்னும் 'எக்ஸ்பெரிமென்ட்' பொருளைச் செய்தென் எச்சமும் 'பாரும்' சேர்ந்த இவ்வடிவமே பிழையின்றித் தருகிறது. பெயர்ச்சொற்களுள் இதற்கு மிக அணுக்கமானது 'வெள்ளோட்டம்'. புதுத்தேரை விழாவிற்கு முன் ஓட்டிப் பார்க்கையில் ஐயத்திற்கு உட்படுவது தேர். வடம் பிடிப்போர் அல்லர்.

மருந்தாய்வில் பொருள் மயக்கம்

புதுமருந்துகளை மனிதரிடம் ஆய்வதற்கு நாளிதழ்கள் 'மருத்துவப் பரிசோதனை' என எழுதுவது உண்டு. 'இரத்தப் பரிசோதனை', 'கண் பரிசோதனை' ஆகியவற்றுக்குப் பழகிய ஒருவர் இத்தொடரை எவ்வாறு உணர்வார்? தம் உடல்நலத்தை மருத்துவர் ஆராயப் போகிறார் என்றே உணர்வார். உண்மையில் அங்கு ஆராயப்படுவது மருந்து. அவருக்கு அதனால் நலம் விளையலாம், விளையாமலும் போகலாம். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருந்தாய்வு விதிகள், ஆய்வில் பங்கேற்பவரின் அறிந்த ஒப்புதலைக் கட்டாயமாக்குகின்றன. ஒப்புதல் ஆவணம் அவருக்குப் புரியும் மொழியில் இருத்தல் வேண்டும். எழுத்துகள் தமிழாக இருந்தும் தலைப்புச் சொல்லே திசைதிருப்புமாயின் அத்தேவை நிறைவேறியதாகாது.

'மருந்துச் சோதனை' என்பது ஓரளவு மேல். சோதனைக்கு உட்படுவது எது என்பதை அத்தொடர் பெயரளவிலேனும் சுட்டுகிறது. கலைச்சொல்லாக 'மருந்தாய்வு' நிற்கலாம். ஆனால் ஒப்புதல் படிவத்தின் முதல் தொடரில் பெயர்ச்சொல்லை நம்பாது வினையை ஆள்வதே தக்கது: 'இம்மருந்து பயன் தருமா என்பது இன்னும் உறுதியாகவில்லை. அதை அறிவதற்காக உங்களுக்குக் கொடுத்துப் பார்க்க விரும்புகிறோம்.' 'கொடுத்துப் பார்க்க' என்பது வழக்குத்தமிழ், ஆவண நடைக்கு ஒவ்வாது எனச் சிலர் மறுக்கலாம். படிவத்தைப் படிக்கக் கேட்டுக் கைநாட்டு இடுபவருக்கு இங்கு வேறு எந்தச் சொல்லும் இவ்வளவு தெளிவாகப் பொருள் தராது.