டால்டன் கண்ட நிறம்

அணுக்கொள்கையை வகுத்துப் புகழ்பெற்ற ஜான் டால்டன், 1766-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு நெசவாளரின் மகனாகப் பிறந்தவர். 1792-ஆம் ஆண்டில் ஒருநாள் அவர் ஜெரேனியப் பூவொன்றை மெழுகுவத்தி ஒளியில் நோக்கினார். பகலில் வானம்போல் நீலமாகத் தோன்றிய அம்மலர், அப்பொழுது செந்நிறமாகத் தோன்றியது! வியப்புற்ற அவர் நண்பர்களை வினவினார். அம்மாறுதல் அவர்களுக்குப் புலப்படவில்லை. அவருடைய உடன்பிறந்தார் ஒருவருக்கு மட்டுமே புலப்பட்டது. சில நிறங்களுக்கு மக்கள் பொருந்தாப் பெயர் இட்டு வழங்குகின்றனர் என்றே டால்டன் அதுவரை எண்ணியிருந்தார். வேறுபாடு பெயரில் இல்லை, தம் பார்வையிலேயே உள்ளது என்பதை அன்று உணர்ந்தார்.

1794-ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரத்து அறிஞர் கழகத்தில் இதனைக் குறித்து அவர் ஒரு கட்டுரை படித்தார். தம் கண்ணினுள் நிறைந்த நீர்மம் நீலநிறமாய் இருத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. தாம் இறந்தபின் தம் கண்களை ஆராயுமாறும் பணித்தார். 1844-ஆம் ஆண்டு அவர் மறைந்ததும் மருத்துவர் ஆராய்ந்தார். நீர்மம் தெளிவாகவே இருந்தது. எனினும் கண்ணின் பகுதிகள் பாதுகாக்கப்பட்டன. 150 ஆண்டுகள் கழிந்தபின், 1995-ஆம் ஆண்டில், அவற்றின் மரபணுக்களை அறிஞர் ஆராய்ந்து உண்மையைக் கண்டனர். நிறங்காண உதவும் மூவகை நிறமிப்பொருள்களுள், நடுத்தர அலைநீள ஒளியை ஏற்கும் ஒன்று டால்டனுக்கு இல்லை.

இங்ஙனம் காரணம் விளங்கிவிட்டது. ஆயினும், அவர் கண்ட நீலம் எத்தகையது? உப்பைத் தீயிலிட்டால் மஞ்சளொளி தோன்றும். அஃது ஏறக்குறைய ஒரே அலைநீளம் உடையது. அவ்வலை சிறிதும் இன்றியே, செவ்வொளியையும் பச்சொளியையும் தக்க அளவிற் கலந்தாலும் நமக்கு அதே மஞ்சள் தோன்றுகிறது. ஆகவே, அலையின் அளவு வேறு. மஞ்சள் என்னும் உணர்வு வேறு. அலையை அளக்கக் கருவி உண்டு. நரம்பிற் செல்லும் மின்துடிப்பை அளக்கவும் கருவி உண்டு. காண்பவன் உணரும் மஞ்சளைப் பிறனொருவனுக்குக் காட்டும் கருவி இல்லை.

பௌதிக நூல் மேலும் வளருங்கால் இவ்வுணர்வும் அதனுள் அடங்கும் என்பார் சிலர். அடங்காது என்பார் வேறு சிலர். முடிவு இன்னும் எட்டப்படவில்லை. டால்டனோ, தமக்குத் தோன்றிய நிறத்தை மறைக்கவும் இல்லை. பிறர் கண்டதைப் பொய்யென்று இகழவும் இல்லை. தம் கண்ணையே ஆராய்ச்சிக்கு அளித்தார். உண்மை நாடுவோர்க்கு உரிய பண்பு அதுவேயன்றோ!