பதின்மூன்றாம் மாதம் யார் பார்ப்பார்கள்?

"அக்கா, என் ஐடியா எப்படி இருக்கு?"

ஒவ்வொரு வருஷமும் இப்படி இரண்டு மூன்று பேராவது வாட்ஸ்அப்பில் கேட்பார்கள். எல்லாம் அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இளங்கலை முடிக்கப்போகும் பிள்ளைகள். அங்கே 2015 முதல் 'பிரசிடென்ட்ஸ் எங்கேஜ்மென்ட் பிரைஸ்' என்று ஒரு பரிசு கொடுக்கிறார்கள். ஊருக்குப் பயன்படும் ஒரு திட்டத்தைத் தனியாகவோ சிறு அணியாகவோ எழுதிக் கொடுக்கலாம். தேர்வானால் திட்டச் செலவுக்கு 1,00,000 டாலர் வரை கிடைக்கும். அது போக வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் ஆளுக்கு 50,000 டாலர். பட்டம் வாங்கிய கையோடு ஒரு வருஷம் அந்த வேலையை மட்டும் செய்யலாம்.

நானும் ஒரு தோழியும் சேர்ந்து விண்ணப்பித்தோம். இறுதிச் சுற்று வரை போனோம், பரிசு வேறு அணிக்குப் போனது. ஆனாலும் யோசனை கேட்கிறவர்கள் என்னிடம்தான் வருகிறார்கள். பரிசு வாங்கினவர்களுக்கு அந்த ஒரு வருஷம் தூங்கவே நேரம் இருப்பதில்லை என்பதும் ஒரு காரணம்.

ஐடியாவைப் பற்றி நான் வாயைத் திறப்பதில்லை. "இதுவரைக்கும் யார்கிட்டப் பேசினே?" என்று திருப்பிக் கேட்பேன். பேராசிரியர் பெயர் வந்தால் அடுத்த கேள்வி: "அந்தத் தெருவில யார்கிட்டப் பேசினே?" பெரும்பாலும் உரையாடல் இங்கேயே நின்றுவிடும்.

எங்கள் திட்டம் வீட்டுப் பத்திரம் சம்பந்தப்பட்டது. பல்கலைக்கழகம் இருக்கும் ஃபிலடெல்ஃபியாவில் அதை 'டாங்கிள்டு டைட்டில்' என்பார்கள். வீடு பாட்டி பெயரில் இருக்கும். பாட்டி போய்ப் பல வருஷம் ஆகியிருக்கும். பேத்தி அதே வீட்டில் வரியைக் கட்டிக்கொண்டு குடியிருப்பாள், பத்திரம் மட்டும் மாறியே இருக்காது. தாத்தா பெயரிலேயே இன்னும் பட்டா கிடக்கும் குடும்பத்திலிருந்து போன எனக்கு இதை யாரும் உட்காரவைத்து விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த நகரத்தில் இப்படி 10,000-க்கும் அதிகமான வீடுகள் இருப்பதாக பியூ அறக்கட்டளை 2021-இல் கணக்கெடுத்துச் சொன்னது. மொத்த மதிப்பு 110 கோடி டாலருக்கும் மேல். பெயர் மாறாத வீட்டை விற்க முடியாது. கூரை ஒழுகினால் நகராட்சி உதவியில் பழுதுபார்ப்பதும், இன்ஷூரன்ஸ் எடுப்பதும் பெரும்பாடு. கள்ளக் கையெழுத்துப் போட்டு வீட்டை அமுக்குகிறவர்களுக்கும் இந்த மாதிரி வீடுகள்தான் தோது.

இந்த யோசனை எங்கள் மூளையில் உதித்ததல்ல. தோழி வெஸ்ட் ஃபிலடெல்ஃபியாவிலேயே பிறந்து வளர்ந்தவள். 52-ஆம் தெருப் பக்கம் ஒரு சிறிய குடியிருப்போர் அமைப்பு உண்டு. வருமான வரி சீசனில் படிவம் நிரப்பிக்கொடுக்க நாங்கள் அங்கே போவது வழக்கம். வருகிறவர்களில் சொந்த வீட்டில் இருந்தும் பத்திரத்தில் பெயர் இல்லாதவர்கள் அடிக்கடி தென்பட்டார்கள். அமைப்பை நடத்தும் அம்மாவிடம் "இதுக்கு நாங்க ஏதாவது செய்யலாமா?" என்று தோழி கேட்டாள். அவர் உடனே பதில் சொல்லவில்லை. கையிலிருந்த படிவங்களை அடுக்கி கிளிப் போட்டுவிட்டு, "இன்னொரு சர்வே எடுக்கப்போறீங்கன்னா வேண்டாம்மா. காகிதம் தேடிக் கொடுக்க ஆள் இருந்தா அனுப்புங்க" என்றார்.

அந்தக் கடுப்புக்கு வரலாறு இருக்கிறது. இப்போது யூனிவர்சிட்டி சிட்டி என்று அழைக்கப்படும் பகுதியில் முன்பு 'பிளாக் பாட்டம்' என்று கறுப்பின மக்கள் வாழ்ந்த குடியிருப்பு இருந்தது. 1960-களில் நகரப் புதுப்பிப்பு என்ற பெயரில், கல்வி நிறுவனங்களும் ஆராய்ச்சிக் கூடங்களும் விரிவடைவதற்காக ஆயிரக்கணக்கானவர்களை அங்கிருந்து கிளப்பினார்கள். அப்போது சிறுபிள்ளைகளாக இருந்தவர்கள் இன்றைக்கும் அந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள். பல்கலைக்கழக அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிட்டுப் போங்கள். விண்ணப்பத்தில் ஒரு பாராவாவது அதைப் பற்றி இருக்கட்டும். பக்கம் நிரப்புவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்கள் ஏன் உங்களை உள்ளே விட வேண்டும் என்ற கேள்வியைத் தேர்வுக்குழுவில் யாராவது ஒருவர் கேட்டே தீருவார்.

காகிதம் தேடுவது என்றால் என்ன? சட்ட ஆலோசனை சொல்ல மாணவர்களுக்கு உரிமை கிடையாது, அது வக்கீல் வேலை. ஆனால் கட்டணம் வாங்காமல் வழக்குப் பார்க்கும் வக்கீலிடம் ஆள் போய் உட்காருவதற்கு முன்னால் இறப்புச் சான்றிதழ், பழைய பத்திர நகல், வாரிசு விவரம் எல்லாம் கையில் இருக்க வேண்டும். பாதிப் பேர் இந்த இடத்திலேயே சோர்ந்து விட்டுவிடுகிறார்கள். வாரிசு யார் யார் என்பதுதான் இருப்பதிலேயே பெரிய சிக்கல். அதில் ஒரு மூதாட்டி எங்களுக்கு வழி காட்டினார். அப்பா பெயரில் இருந்த வீடு அவருடையது. குடும்பத்தில் யார் யார் என்று கேட்டதும் உள்ளே போய் பைபிளை எடுத்து வந்தார். நடுவிலிருந்து ஒரு மடிப்புத்தாளை உருவினார். அப்பாவின் இறுதிச்சடங்கன்று சர்ச்சில் கொடுத்தது அது. முகப்பில் தொப்பி வைத்த படம். உள்ளே அவர் பிறந்த ஊர், பெற்றோர், மனைவி, பிள்ளைகள், அவருக்கு முன்பே இறந்துபோன பிள்ளைகள், யார் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்பது வரை அச்சிட்டிருந்தது. முதல் தாரத்து மகன் ஒருவர் தென் கரோலினாவில் இருப்பது அந்தத் தாளில்தான் தெரிந்தது. மூதாட்டி அவரை நேரில் பார்த்ததே இல்லை.

அதன் பிறகு, குடும்பங்களிடம் விவரம் கேட்டு நாங்கள் நிரப்பும் படிவத்தின் முதல் கேள்வியே 'சர்ச் மடிப்புத்தாள் வீட்டில் இருக்கிறதா?' என்றாகிவிட்டது. விண்ணப்பத்திலும் இதை எழுதினோம். நேர்காணலில் 110 கோடி டாலரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. இந்தத் தாளைப் பற்றி வெகுநேரம் கேட்டார்கள். புள்ளிவிவரத்தை யாரும் இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம். பைபிளுக்குள் என்ன இருக்கும் என்பது அந்தக் கூடத்தில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். அதனால் வரைவு அனுப்புகிறவர்களிடம், "இந்தப் பக்கத்தில், வீட்டுக்குள் போகாதவர் எழுத முடியாத வரி எது? அடிக்கோடு போட்டு அனுப்பு" என்பேன்.

ஆதரவுக் கடிதம் பற்றி. நான் பார்க்கும் வரைவுகளில் பாதிக்கு மேல், 'இந்த அரிய முயற்சிக்கு எங்கள் முழு ஆதரவு' என்ற வகைக் கடிதங்கள். மாணவரே எழுதிக் கொடுத்து, அமைப்புக்காரர்கள் கையெழுத்துப் போட்டது என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடும். எங்களுக்கு அமைப்பை நடத்தும் அம்மா எழுதிய கடிதம் முக்கால் பக்கம்தான். செவ்வாய், வியாழன் மாலைகளில் மாடி அறை தருவோம். சாவி யாரிடம் இருக்கும். பிரிண்டர் இருக்கிறது, ஆனால் மை வாங்கிப்போட வேண்டியது மாணவர்கள் பொறுப்பு. ஆள் பிடித்து அனுப்புவது எங்கள் வேலை. தகராறு வந்தால் கடைசி முடிவு எங்களுடையது. இந்தக் கடைசி வரியை எடுத்துவிடச் சொல்லலாமா என்று தோழி என்னிடம் கேட்டாள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

பல்கலைக்கழகத்தில் உங்கள் திட்டத்துக்கான வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பதில் பெரிதாக மூளையைக் கசக்க வேண்டாம். பேர் பெற்றவரைவிட, மின்னஞ்சலுக்கு இரண்டு நாளில் பதில் போடுகிறவர் தேவலை.

பட்ஜெட்டுக்கு வருவோம். 1,00,000 டாலர் என்பது பெரிய பணம் மாதிரித் தெரியும். ஒரு பகுதிநேர ஊழியரை வைத்தாலே சம்பளத்துக்கு மேல் முதலாளி பங்காக சோஷியல் செக்யூரிட்டிக்கும் மெடிகேருக்கும் 7.65 சதவீதம் கட்ட வேண்டும். பலர் இதை எழுதுவதில்லை. எங்கள் விஷயத்தில் வாரிசு வரி வேறு. பென்சில்வேனியாவில் பிள்ளைகளுக்குச் சொத்து வந்தால் 4.5 சதவீதம், உடன்பிறந்தவர்களுக்கு வந்தால் 12 சதவீதம். கையில் காசில்லாத குடும்பத்துக்கு இந்த இடத்தில் எல்லாமே நின்றுபோகும். பரிசுப் பணத்தில் வரியைக் கட்டிக் கொடுப்பதா, கட்ட வழி தெரிந்த இடத்துக்கு அனுப்பிவைப்பதா என்று எங்களுக்குள் சண்டையே நடந்தது. கட்டிக் கொடுத்தால் சில குடும்பங்களோடு பணம் தீர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டியது தோழிதான். சான்றிதழ் கட்டணம், பதிவுக் கட்டணம், ஒரு ஊழியர் என்று வரம்பு கட்டினோம். அந்த முடிவையும் அதற்கான காரணத்தையும் பட்ஜெட் அட்டவணைக்குக் கீழேயே எழுதினோம். எண்ணுக்குப் பக்கத்தில் 'ஏன்' இருந்தால் படிக்கிறவருக்கு நம்பிக்கை வரும்.

இன்னொன்று. தயவுசெய்து புதிதாக ஒரு தொண்டு நிறுவனம் ஆரம்பிக்காதீர்கள். எனக்கு வரும் வரைவுகளில் திட்டம் தெளிவாகும் முன்பே லோகோ தயாராகிவிடுகிறது. பதிவு, வங்கிக் கணக்கு, நிர்வாகக் குழு, வருடாந்திரக் கணக்குத் தாக்கல் என்று முதல் சில மாதங்களை அதுவே தின்றுவிடும். ஏற்கெனவே வரிவிலக்கு உள்ள ஓர் அமைப்பின் கீழே பணத்தை வைத்து நடத்தலாம். அவர்கள் அதற்குக் குறிப்பிட்ட சதவீதம் எடுத்துக்கொள்வார்கள், கொடுத்துவிடுங்கள். புது நிறுவனம்தான் வேண்டும் என்பவர்கள் அதற்கு வருமானம் எங்கிருந்து வரும் என்று முதலில் சொல்ல வேண்டும். முதல் வருஷம் பரிசு வாங்கியவர்களில் ஒருவரான ஷாட்ராக் ஃப்ரிம்பாங், கானாவில் தன் சொந்த ஊரான தார்க்வா பிரேமனில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியும் கூடவே கிளினிக்கும் தொடங்கினார். ஊர்ப் பொதுவான கொக்கோ தோட்டத்தின் வருமானத்தில் அவற்றை நடத்துவது என்பது ஏற்பாடு. பரிசுப் பணம் தீர்ந்த பிறகும் தோட்டம் காய்க்கும். 'பதின்மூன்றாம் மாதம் யார் பார்ப்பார்கள்?' என்று குழு கேட்டால், இந்த மாதிரிப் பதில் கையில் இருக்க வேண்டும்.

நம் ஊரிலிருந்து போனவர்களுக்கு மட்டும் ஒரு பத்தி. எஃப்-1 விசாவில் இருந்தால் பட்டத்துக்குப் பிறகு ஓபிடி என்ற 12 மாத வேலை அனுமதியில்தான் இந்த வருஷத்தை ஓட்ட வேண்டியிருக்கும். செய்யும் வேலை படித்த படிப்போடு சம்பந்தப்பட்டிருக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள தொடர்பை எழுத்தில் விளக்கத் தயாராக இருங்கள். ஓபிடிக்குப் படிப்பு முடிய 90 நாள் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம், பரிசு முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் முன்கூட்டியே ஒரு தடவை உட்கார்ந்து பேசிவிடுங்கள். 50,000 டாலரும் அப்படியே கைக்கு வராது, அதற்கும் வருமான வரி உண்டு. வீட்டுக்குப் பணம் அனுப்புவதாக அப்பாவிடம் வாக்குக் கொடுக்குமுன் இதைக் கழித்துப் பாருங்கள்.

வேறு கல்லூரியில் படிக்கிறவர்கள், தங்கள் கல்லூரி அதில் சேர்ந்திருந்தால், டேவிஸ் 'புராஜெக்ட்ஸ் ஃபார் பீஸ்' நிதியைப் பார்க்கலாம். கேத்ரின் வாசர்மன் டேவிஸ் தன் 100-வது பிறந்தநாளை ஒட்டி 2007-இல் தொடங்கிவைத்தது. திட்டத்துக்கு 10,000 டாலர். சிறிய தொகை என்பதால் கோடைகாலத்துக்குள் முடிகிற வேலையாகப் பார்த்து எழுதலாம்.

முடிவு எதுவானாலும் தெரிந்த அன்றே அமைப்புக்காரர்களிடம் சொல்லிவிடுங்கள். எங்களுக்குக் கிடைக்கவில்லை என்று போய்ச் சொன்னபோது அந்த அம்மா, "சரி, அந்தப் படிவம் யார்கிட்ட இருக்கு?" என்றுதான் கேட்டார். அவர்கள் கணக்கிலேயே இருந்தது. படிவம், வக்கீல்களின் தொடர்பு விவரம், எந்தக் குடும்பத்துக்கு எந்தக் காகிதம் பாக்கி என்ற பட்டியல் எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே அமைப்பின் கூகுள் டிரைவில் போட்டுவைத்திருந்தோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். மாணவர் மின்னஞ்சல் கணக்கில் வைத்தால் பட்டம் வாங்கிய கொஞ்ச நாளில் கணக்கை மூடிவிடுவார்கள். அப்புறம் அந்தப் பட்டியல் அவர்களுக்கும் கிடைக்காது, உங்களுக்கும் கிடைக்காது.