மஞ்சள் கடுதாசியும் கூட்டு வீடும்

விசைப்படகுக் கடனில் நொடித்துப்போன முன்னாள் கணவர் இராமநாதபுரம் சார்பு நீதிமன்றத்தில் மஞ்சள் கடுதாசி (இன்சால்வென்சி மனு) கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும், மண்டபத்திலோ தங்கச்சிமடத்திலோ இருவர் பெயரிலும் கிரயமான வீடு முழுவதுமே பறிபோயிற்றென்று கலங்கும் சகோதரிகள் கவனிக்க வேண்டியவை:

1. பதறி வீட்டைக் காலி செய்துவிடாதீர்கள். 1920-ஆம் ஆண்டின் மாகாண இன்சால்வென்சி சட்டப்படி நீதிமன்றம் நியமிக்கும் ரிசீவர் வசம் சேர்வது முன்னாள் கணவருடைய பாகம் மாத்திரமே.

2. கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, தாங்கள் கட்டிய தவணைகளின் ரசீதுகள் ஆகியவற்றை, உப்புக்காற்றில் மை மங்கிப்போன துண்டுச்சீட்டையும் விடாமல் சேகரித்து, வக்கீல் மூலம் தாக்கல் செய்யுங்கள். யாருக்கு எவ்வளவு பாத்தியதை என்ற விவகாரத்தை அந்த நீதிமன்றமே விசாரித்துத் தீர்மானிக்கலாம்.

3. மனு கொடுக்குமுன்பே அவர் தம் பாகத்தைத் தங்களுக்குத் தானமாக எழுதித் தந்திருந்தால், அது நல்லெண்ணத்தினாலேயே ஆயினும், அதை நம்பியிருக்காதீர்கள். எழுதிய 2 ஆண்டுகளுக்குள் இன்சால்வென்சி மனு தாக்கலாகி அவர் நொடித்தவரென்று தீர்ப்பானால், அத்தானத்தை ரத்து செய்விக்க ரிசீவருக்கு அதிகாரமுண்டு. கையில் பணமிருந்தால் நியாயமான விலைக்கு ரிசீவரிடமே அப்பாகத்தைக் கேளுங்கள். அதுவே உறுதியான மார்க்கம்.

4. வீட்டுக் கடனில் தாங்களும் கையொப்பமிட்டிருந்தால் தவணையை நிறுத்தாதீர்கள். வங்கி முழுப் பாக்கியையும் தங்களிடமே கேட்கலாம்.

வக்கீல் கட்டணத்துக்கு அஞ்சித் தாமதிக்க வேண்டாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாயினும், சட்ட உதவி இலவசம். தொலைபேசி எண் 15100.